காத்திருப்பதும் வேலைதான்

'ரிலீஃப்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்தால் இன்னோர் ஆசிரியர் அந்த வகுப்புக்கு 'ரிலீஃப்' போவார். பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளில் ஒருவர் சாப்பிடப் போகும்போது அவருடைய மெஷின் முன்னால் வந்து நிற்பவரும் 'ரிலீஃப்'தான். மெஷின் ஒழுங்காக ஓடினால் அவர் வந்துபோனதே யாருக்கும் தெரியாது. கோளாறு நடந்தால் மட்டும், "அந்த நேரம் ரிலீஃப் யாரு?" என்று கேட்பார்கள்.

இதே பெயரில் அமெரிக்காவில் முழுநேரத் தொழில் ஒன்று இருக்கிறது. பேஸ்பால் ஆட்டத்தில் பாதியில் வந்து பந்து வீசுபவருக்கு 'ரிலீஃப் பிட்சர்' என்று பெயர். அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு அமெரிக்கக் களத்தில் இறங்கிய ஓர் இந்திய இளைஞரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம் பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் 'வீர் மகான்' என்று சொல்லிப் பாருங்கள். நெற்றியில் பட்டை, நீண்ட தாடி, மலை போன்ற உருவம் என்று உடனே வர்ணிப்பார்கள். அந்த மனிதரின் உண்மைப் பெயர் ரிங்கு சிங். மல்யுத்த மேடைக்கு வருவதற்கு முன் அவர் பேஸ்பால் வீரர்.

பாதியில் வருபவர்

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு பேஸ்பாலும் புரிந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் எதிரணியின் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். பிறகு கை தளரும், பந்தின் வேகம் குறையும், எதிரணி அடிக்கத் தொடங்கும். அப்போது மேலாளர் மைதானத்தின் நடுவில் இருக்கும் மண்மேட்டுக்கு நடந்து போய், அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். 'புல்பென்' எனப்படும் ஓரத்து அடைப்புக்குள் காத்திருந்த ஒருவர் அங்கிருந்து கிளம்பி வருவார்.

கிரிக்கெட்டில் ஒரு ஓவர் வீசியவர் சற்று ஓய்வெடுத்துவிட்டு மறுபடியும் வீசலாம். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அதனால்தான் மாற்று ஆள் எப்போதும் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

அவர் வரும்போது நிலைமை பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். ஓட்டமெடுக்கக் காத்திருக்கும் எதிரணியினர் மூன்று பேஸ்களிலும் நிற்கலாம். அந்தச் சிக்கலை அவர் உண்டாக்கவில்லை, ஆனால் தீர்க்க வேண்டியவர் அவர்தான். கணக்குப் புத்தகத்திலும் இதற்கு ஒரு விதி உண்டு. முந்தைய பிட்சர் விட்டுச் சென்ற ஓட்டக்காரர் ரன் எடுத்தால், அந்த ரன் முந்தையவர் பெயரில்தான் எழுதப்படும். புத்தகம் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. பார்வையாளர்கள் அப்படி இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது, கடைசியில் மேட்டில் நின்றவர் மட்டும்தான்.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இன்று அழைப்பு வருமா என்பது ரிலீஃப் பிட்சருக்குத் தெரியாது. 'தயாராகு' என்று தகவல் வந்ததும் எழுந்து வீசிப் பழகுவார். நிலைமை சீரானதும் 'உட்கார்' என்பார்கள். மறுபடியும் எழுவார், மறுபடியும் உட்காருவார். ஓர் இரவில் இப்படி இரண்டு முறை கையைச் சூடாக்கிவிட்டு, களத்தில் கால் வைக்காமலே வீடு திரும்புவதும் உண்டு. அந்த வீச்சு எந்தப் பதிவிலும் ஏறாது. கைக்கு மட்டும் அந்தக் கணக்கு தெரியும்.

நீண்ட காலம் இந்த வேலையைத் தனித் தொழிலாகக்கூட யாரும் மதிக்கவில்லை. முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசிவரை காத்துக் கொடுப்பதை 'சேவ்' என்று அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியதே 1969இல்தான். எண்ணத் தொடங்கிய பிறகுதான் மதிப்பும் வந்தது. பனாமா நாட்டு மீனவர் ஒருவரின் மகனான மரியானோ ரிவேரா, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 19 பருவங்கள் ஆடி 652 'சேவ்' எடுத்தார். 2019இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கான தேர்தலில் வாக்களித்த 425 பேரும் அவருக்கே வாக்களித்தனர். ஒருவர்கூட மாற்றிப் போடாத முதல் தேர்வு அது. அந்தப் பெருமை கடைசி இன்னிங்ஸில் வந்து நின்ற ஒருவருக்குக் கிடைத்தது.

ஈட்டி எறிந்த கை

ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்துக்காரர். 1988இல் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லக்னோவில் உள்ள விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்று, ஜூனியர் தேசிய அளவில் பதக்கமும் பெற்றார்.

2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர், 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியோடு இந்தியா வந்தார். கிரிக்கெட்டுக்குப் பந்து வீசும் கைகள் இவ்வளவு இருக்கும் நாட்டில், பேஸ்பாலுக்கு ஒரு கை கிடைக்காதா என்பது அவருடைய கணக்கு. 37,000க்கும் மேற்பட்டோர் வந்து வீசினர். வென்றவர் கிரிக்கெட்காரர் அல்லர், ஈட்டிக்காரர். இடக்கையால் மணிக்கு 87 மைல், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய ரிங்கு, ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார். அதே கல்லூரியில் ஈட்டி எறிந்த தினேஷ் பட்டேல் இரண்டாவதாக வந்தார்.

அதுவரை இருவரும் பேஸ்பாலைக் கையில் எடுத்தவர்கள் அல்லர். ஆங்கிலமும் தெரியாது. அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர்களுக்கு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் பயிற்சி அளித்தார். அவரும் ஒரு காலத்தில் ரிலீஃப் பிட்சர்தான். 1974 ஏப்ரலில் ஹேங்க் ஏரன் தம் 715ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, அந்தப் பந்து புல்பென்னுக்குள் போய் விழுந்தது. அங்கே காத்திருந்து அதைப் பிடித்தவர் இந்த டாம் ஹவுஸ்.

சில மாதப் பயிற்சிக்குப் பிறகு, அரிசோனாவில் அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் இருவரும் வீசிக் காட்டினர். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

படம் நின்ற இடம்

இந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் 2014இல் திரைப்படமாக எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். ரிங்குவாக சூரஜ் சர்மாவும் தினேஷாக மதுர் மிட்டலும் நடித்தனர். ஒப்பந்தம் கையில் கிடைப்பதோடு படம் நிறைவு பெறுகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம், மனம் நிறையும்.

ஆனால் தொழில் அங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தம் கிடைத்தவுடன் நேராகத் தொலைக்காட்சியில் நாம் காணும் மேஜர் லீக் ஆட்டத்துக்குப் போய்விட முடியாது. அதற்குக் கீழே 'மைனர் லீக்' என்று படிப்படியாக ஓர் ஏணி உண்டு. ரிங்கு அதன் அடிப்படியில், ஃபுளோரிடாவில் புதுமுகங்களுக்கான லீக்கில் தொடங்கினார். 2009 ஜூலை 4ஆம் தேதி களமிறங்கியபோது, அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் இந்தியக் குடிமகன் ஆனார். அதே மாதத்தில் முதல் வெற்றியும் அவர் பெயரில் பதிவானது.

2010 இறுதியில் தினேஷை அணி விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு தொடர்ந்தார். 2011இல் டொமினிக்கன் குடியரசு, நியூயார்க்-பென் லீக், மேற்கு வர்ஜீனியா என்று அனுப்பிய இடமெல்லாம் போனார். அமெரிக்காவில் பருவம் முடிந்ததும், ஆஸ்திரேலியாவில் கான்பெரா கேவல்ரி அணிக்காக வீசினார்.

2012தான் அவருடைய நல்ல ஆண்டு. மேற்கு வர்ஜீனியா பவர் அணியில் 39 ஆட்டங்களில் வந்து, 72 இன்னிங்ஸ் வீசி, 65 பேட்டர்களை 'ஸ்டிரைக் அவுட்' செய்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 3 ரன். நான்கே ஆண்டுகளுக்கு முன் பந்தையே தொடாத ஒருவருக்கு இது சாதாரண எண் அல்ல.

இந்த எண்களுக்குள் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. அந்த லீக்கில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் சுமார் 140 ஆட்டங்கள். ரிங்கு இறங்கியது 39இல். மீதி ஏறத்தாழ நூறு ஆட்டங்களின் கணக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. பேருந்துப் பயணம், பயிற்சி, புல்பென் பெஞ்சு, 'இன்றைக்கு நீ இல்லை' என்ற தகவல் எல்லாம் அந்த நூறில் அடங்கும். அந்த நூறு இல்லாமல் இந்த 39 இல்லை.

அதன் பிறகு முழங்கை கைவிட்டது. 2013, 2014 பருவங்கள் முழுவதையும் அவர் இழந்தார். செய்துகொண்டது 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துக் கட்டும் முறை அது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974இல் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. டாமி ஜான் 1976இல் களம் திரும்பி, மேலும் 164 ஆட்டங்களை வென்றார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. தம் வாழ்க்கைப் படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், ரிங்கு ஓர் ஆட்டத்திலும் வீச முடியாமல் இருந்தார். மேஜர் லீக் மேடு கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

2018இல் அவர் மல்யுத்தத்துக்கு மாறினார். அங்கேயும் காத்திருப்பு விடவில்லை. 'வீர் மகான் வருகிறார்' என்று 2021 அக்டோபரிலிருந்து வாராவாரம் முன்னோட்டம் போட்டார்கள். ரசிகர்கள் கேலி செய்யும் அளவுக்கு நாள் கடந்து, 2022 ஏப்ரலில்தான் ஆள் வந்தார். 2024 ஏப்ரலில் அந்த நிறுவனமும் அவரை விடுவித்தது.

சின்னப்பம்பட்டி இடக்கை

இதே குணமுள்ள ஒரு கதை நம்மவர்களிடமும் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜனும் இடக்கைக்காரர். அப்பா நெசவுக் கூடத்தில் வேலை செய்தவர், அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். 2020 இறுதியில் இந்திய கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியா போனபோது, அவர் முதலில் அழைத்துச் செல்லப்பட்டது வலைப்பயிற்சியில் வீசுவதற்காக. நம் பேட்டர்கள் பழகிக்கொள்ளப் பந்து போடும் வேலை.

காயமடைந்த வருண் சக்கரவர்த்திக்குப் பதிலாக டி20 அணியில் இடம் கிடைத்தது. டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், 4ஆம் தேதி அதே ஊரில் டி20 ஆட்டத்திலும் அறிமுகமானார். ஒருவர் பின் ஒருவராகக் காயமடைய, 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பியும் கைக்கு வந்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். இந்தியாவும் வென்றது.

அவருக்கு அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் காயமடைந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அழைப்பு வந்த அன்று யார்க்கர் சரியான இடத்தில் விழுந்தது அதிர்ஷ்டமல்ல. அது பல ஆண்டுகள் வலையில் போட்டுப் பழகியது.

காத்திருப்புக்கு யார் சம்பளம் கொடுப்பது?

புக்கிட் தெங்காவில் எங்கள் தாமானில் என் அக்கா மகன் இருக்கிறான். டிப்ளோமா முடித்து, ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறான். ஒப்பந்த வேலை. இரண்டு ஆண்டுகளாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள். 'ஸ்டாண்ட்பை' வாரத்தில் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் கிளம்பிப் போக வேண்டும். வராவிட்டால் அந்த இரவுக்குக் காசு கிடையாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "என்ன தம்பி, இன்னும் கான்ட்ராக்ட்தானா?" என்று யாராவது ஓர் ஆண்ட்டி கேட்டுவிடுவார்.

அவனிடம் ரிங்கு சிங் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"கதை நல்லாதான் இருக்கு மாமா. ஆனா பொறுமையா இருன்னு சொல்றவங்க யாரும் அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கிறதில்லையே?"

கேள்வி நியாயமானது. அமெரிக்க மைனர் லீக் வீரர்களும் அதையேதான் கேட்டார்கள். மேஜர் லீக்கை எட்டிவிட்டால் 2023இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். ஏணியின் கீழ்ப்படியான 'ஏ' பிரிவில் ஆடுபவருக்கோ, அதற்கு முந்தைய ஆண்டுவரை சுமார் 11,000 டாலர்தான். ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே சம்பளம். பருவம் முடிந்ததும் வேறு வேலை தேடிப் போனவர்கள் ஏராளம். 'உனக்குக் கனவு இருக்கிறதல்லவா, பொறுத்துக்கொள்' என்பதே பல்லாண்டு காலம் அவர்களுக்குக் கிடைத்த பதில். 2022இல் அவர்கள் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தனர். 2023இல் கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தத்தில், அதே 'ஏ' பிரிவின் குறைந்தபட்சச் சம்பளம் 26,200 டாலர் ஆனது. அதுவும் பெரிய பணமல்ல. ஆனால் புல்பென் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். இடக்கை பேட்டர் ஒருவருக்கு மட்டும் வீசிவிட்டுப் போகும் இடக்கை பிட்சர்கள் ஒரு காலத்தில் எல்லா அணிகளிலும் இருந்தார்கள். அந்த ஒரு வேலையை வைத்தே பல ஆண்டுகள் சம்பாதித்தவர்கள் உண்டு. 2020இல் விதி மாறியது. வருபவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்தவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. நம் தொழிற்சாலைகளிலும் மெஷின் மாறுகிறது, மென்பொருள் மாறுகிறது. காத்திருக்கும் காலத்தில் இன்னும் இரண்டு பேட்டர்களுக்கு வீசப் பழகிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அவன் இப்போது வார இறுதியில் ரோபோ இயக்கும் பயிற்சிக்குப் போகிறான். 'ஸ்டாண்ட்பை' படி குறித்து, அதே நிலையில் இருக்கும் நண்பர்களோடு சேர்ந்து மேலாளருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ரிங்கு சிங் மேஜர் லீக்கில் ஆடவில்லை என்பது உண்மை. அதை வைத்து அவரைத் தோற்றவர் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. தெரியாத மொழி பேசும் நாட்டில், தெரியாத ஆட்டத்தைக் கற்று, அந்த நாட்டு இளைஞர்களோடு சரிசமமாக நின்று, கை விட்டுப்போகும்வரை வீசியவர் அவர். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் உச்சியைத் தொடப் போவதில்லை. நாமும் தொடவில்லை. அவர்களிடம் 'எப்போது பெர்மனன்ட்?' என்று கேட்பதற்கு முன், 'இந்த வருஷம் என்ன புதுசா கத்துக்கிட்ட?', 'ராத்திரி கூப்பிட்டா காசு தர்றாங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி அவர்களுடைய தொழிலுக்கு, இரண்டாவது அவர்களுடைய உரிமைக்கு.

நாளை திங்கட்கிழமை. உங்கள் மெஷினிலோ வகுப்பிலோ ரிலீஃபுக்கு வந்து நிற்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.